பெட்டரி இல்லாத லெப்டொப்

எங்கள் வீட்டு லெப்டொப் மிகச் சிறியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பெரிய கொப்பி ஒன்றை விரித்து அதன்மேல் வைத்தால் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். மூடி நீல நிறம். முன்பு வைத்திருந்த பிள்ளை ஒட்டிய பூப்படம் ஒன்று மூலையில் பாதி உரிந்து கிடக்கும். எழுத்துக் கட்டைகள் நெருக்கமாக இருப்பதால் என் விரல் ஒன்றைத் தொட்டால் இரண்டு எழுத்து விழும்.

நான் மாத்தளை டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறேன். சீமெந்து, தகரம், ஆணி, பெயின்ட். லொறியில் வருவதை எண்ணி இறக்குவதும் பில் எழுதுவதும் என் வேலை. கடை முதலாளியின் மகள் படித்து முடித்து வேறு லெப்டொப் வாங்கிவிட்டதால் பழையதை அவர் ஒருநாள் கடைக்குக் கொண்டுவந்தார்.

"இத கொண்டு போறீங்களா தம்பி? ஊட்டுல சும்மா ஈக்கி."

"எனக்கு எதுக்கு மொதலாளி? நான் எட்டாம் வகுப்போட நின்னவன்."

"எட்டு படிச்சவனுக்கு எழுத்து தெரியாதா? தெனம் என்ட பில்ல யாரு எழுதுற?"

சும்மா வாங்க எனக்கு மனமில்லை. ஏதோ கொஞ்சம் கொடுத்தேன். அவரும் ஏதோ கொஞ்சம் என்றே வாங்கிக்கொண்டார். அதோடு விட்டேனா? வழியில் பொலிஸ் மறித்துக் களவுச் சாமான் என்று சொன்னால் என்ன செய்வது என்று, இன்னாருக்கு இன்ன சாமானைக் கொடுத்தேன் என்று அவரிடம் ஒரு துண்டும் எழுதி வாங்கினேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதி, கடை முத்திரையையும் குத்தித் தந்தார்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் போகிற எல்கடுவ பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தது இன்றும் நினைவிருக்கிறது. மழை தூறியது. மூன்று பையைப் போட்டுச் சுற்றியிருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் பக்கத்தில் நின்றவரின் மிளகு மூட்டை என்மேல் சாய்ந்தது. வீடு வந்து சேரும்போது என் இரண்டு கையும் மரத்துப் போயிருந்தன.

நான் இப்படித்தான். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய்த் திரும்பி வந்து அடுப்பைப் பார்ப்பேன். மகள் இருமினால் எனக்குத் தூக்கம் வராது. பஸ் இறக்கத்தில் இறங்கும்போது டிரைவரின் காலைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். "ஒங்களுக்கு பயப்பட ஒன்னுமில்லன்னா அதுக்கே பயந்துருவீங்க" என்பாள் என் மனைவி. ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டு சொன்னாள். பிறகு சிரிக்காமலும் சொன்னாள்.

அவள் பலாபத்வலக்காரி. யாழ்ப்பாணம் போகிற பெரிய ரோட்டோரத்தில் வளர்ந்தவள். பதினோராம் வகுப்பில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையை இரண்டு தடவையில் பாஸ் பண்ணியவள். என்னைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தபின் பிள்ளை மடுவத்தில் வேலை கிடைத்தது. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. கைக்குழந்தையிலிருந்து நாலு வயது வரை இருபது, இருபத்தைந்து பிள்ளைகள். அவளும் இன்னொரு பெண்ணும் பார்த்துக்கொள்வார்கள்.

லெப்டொப்பை நான் எனக்காகத்தான் வாங்கினேன். படிக்காமல் விட்டதைக் கொஞ்சம் பிடித்துவிடலாம் என்று ஓர் ஆசை. கடைச் சாமான்களின் பட்டியலை அதில் அடித்து முதலாளிக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். ஒரு மாதம் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் பத்து விரலையும் வைக்கப் பழகிவிட்டாள். பிள்ளைகளின் நிறை, உயரம், தடுப்பூசி எல்லாவற்றையும் கட்டம் போட்டு அடித்து எடுத்துக்கொண்டு தோட்டத்து ஒபிசுக்குப் போனாள். அங்கே கணக்கு எழுதுகிற கிளாக்கர் ஐயா, "யாரு செஞ்சி குடுத்தது?" என்று கேட்டாராம். "நான்தான்" என்றாளாம். அதை என்னிடம் மூன்று தடவை சொன்னாள்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பெட்டியைச் சுமந்து வந்தவன் நான்; அதில் ஏதாவது தெரியவில்லை என்றால் அவளைத்தான் கேட்க வேண்டியிருந்தது. கேட்காமல் இருந்துவிடுவேன். மெல்ல மெல்ல அதன் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

அது வேலை செய்கிற வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். உலையை அடுப்பில் வைத்துவிட்டு பட்டனை அழுத்துவாள். அரிசி கழுவிப் போட்டு, சோறு வடித்து, மகளுக்குத் தலை சீவி முடிக்கும்போது திரை வரும். "வந்துட்டியா ராசாத்தி?" என்று அதனிடம் பேசுவாள். பெட்டரி என்றால் பெயருக்குத்தான். சுவரிலிருந்து வயரைக் கழற்றினால் இரண்டு நிமிஷம் நிற்கும், அவ்வளவுதான்.

நோய் பரவி எல்லாம் மூடிக் கிடந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்த காலம். சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஆசிரியர்களுக்கான டிப்ளோமா ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவளுடைய போனுக்கு ஓர் அறிவித்தல் வந்தது. அதை முடித்தால் பிள்ளை மடுவத்துக்குப் பொறுப்பாகலாம். வெளியில் பாலர் பாடசாலைகளுக்கும் போகலாம். வயது முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். அவளுக்கு அந்த வருஷக் கடைசியில் முப்பத்தைந்து முடிகிறது. இந்த முறை விட்டால் பிறகு இல்லை. விண்ணப்பம் போட்டாள். நேர்முகத் தேர்வுக்குப் பெயர் வந்தது. நேரில் வரத் தேவையில்லை, ஒன்லைனில்தான் என்றார்கள். அதற்கு இரண்டு கிழமை, பதினாலு நாள், இருந்தது.

மடுவத்தில் அவளோடு வேலை செய்கிற பெண்ணை போனில் எடுத்து லெப்டொப்பில் முகம் காட்டிப் பேசிப் பார்த்தாள். வாயைத் திறந்தபடி இவள் முகம் அப்படியே உறைந்து நின்றது. சத்தம் மட்டும் பிறகு வந்தது. அந்தப் பக்கம் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அக்கா, கொட்டாவி விட்டுக்கிட்டு இன்டர்வியூக்கு வந்தீங்கன்னு நெனச்சிருவாங்க!"

இவளும் சிரித்தாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "ஏங்க, இதுக்கு ஏதாச்சும் செய்யணும்" என்றாள்.

மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கொம்பியூட்டர் திருத்துகிற கடை இருக்கிறது. கடைக்காரர் சிங்களவர், ஐம்பது வயதிருக்கும். முன்பு ரேடியோ, டிவி திருத்தியவர். தமிழ் நன்றாகப் பேசுவார். அடிப்பக்கத்துத் திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு, "மல்லி, ஒங்க மெஷினுக்கு ரெண்டு வருத்தம் இருக்கு" என்றார். மல்லி என்றால் தம்பி. "ஒன்னு, ஞாபக சக்தி போதாது. நான் இத கழட்டிட்டு டபுளா போட்டுத் தாறேன். மத்தது, பெட்டரி செத்துப் போச்சு. இன்டர்வியூக்குன்னா ரெண்டையும் செய்ங்க. பெட்டரி கொழும்பில இருந்து நாலு நாளைல எடுக்கலாம். ஒரிஜினல் இல்ல, ஆனா நல்லது."

ஒரிஜினல் இல்லை என்ற சொல் என் காதில் ஒட்டிக்கொண்டது. யாரோ ஒருவர் தலையணைக்கடியில் வைத்த போனின் பெட்டரி வெடித்து மெத்தை எரிந்த கதையை அந்தக் கிழமைதான் பஸ்ஸில் கேட்டிருந்தேன்.

"வெடிக்குமா?" என்றேன்.

"வெடிக்காது மல்லி."

"வெடிக்கவே வெடிக்காதா?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "மல்லி, பஸ் டயரும்தான் வெடிக்குது. அதுக்காக மாத்தளைக்கு நடந்தா வந்தீங்க?"

வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறாள். ஒரே அறை, பலகைத் தட்டு, மேலே காய்ந்த விறகு. பெட்டரி வேண்டாம், ஞாபக சக்தியை மட்டும் கூட்டுங்கள் என்றேன். பழைய பெட்டரியையும் கழற்றி அங்கேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன். அதுவும் கொஞ்சம் உப்பியிருந்தது போல எனக்குத் தெரிந்தது. இரண்டையும் செய்ய அன்று என் கையில் காசு இருந்தது. காசில்லாமல் செய்யவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் பெட்டரியின் பாரம் இல்லாததால் மூடியை விரித்ததும் பின்பக்கமாகக் கவிழ்ந்தது. நான் ஒரு மரத்துண்டைச் சீவி, மண்தாள் போட்டுத் தேய்த்து, பெட்டரி இருந்த இடத்தில் செருகினேன். அளவாக உட்கார்ந்தது. அந்த வேலையில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "பெட்டரி எங்க?"

"அது எதுக்கு, எப்படியும் வேல செய்யல தானே. வயர்லயே ஓடும்."

"அப்ப இது லெப்டொப் இல்ல. கட்டிப் போட்ட ஆடு. கயிறு எவ்வளவோ அவ்வளவுதான் மேயும்." பிறகு கொஞ்சம் யோசித்து, "நடுவுல கரண்ட் போச்சின்னா?" என்றாள்.

"அன்னிக்கு போகாது. நான் விசாரிச்சிட்டேன்."

உண்மையில் விசாரித்திருந்தேன். மின்சார சபைக்கு இரண்டு தடவை போன் எடுத்து, எங்கள் பக்கம் அன்று திருத்த வேலை இல்லை என்று கேட்டு வைத்திருந்தேன்.

ஞாபக சக்தியைக் கூட்டியது வீண்போகவில்லை. உலை கொதிக்கும் முன்பே திரை வந்தது. மறுபடியும் மடுவத்துப் பெண்ணை எடுத்துப் பார்த்தாள். "ஏங்க, ஓடி வாங்க, என் வாயும் சத்தமும் ஒன்னா வருது!" என்று கத்தினாள். அந்த இரண்டு கிழமையும் தினமும் பின்னேரம் மகளை எதிரில் உட்காரவைத்து, "வணக்கம், என் பெயர்..." என்று சொல்லிப் பழகினாள். மகள் அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அடுத்த கேள்வி" என்பாள்.

எங்கள் பக்கத்து மின்னலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐப்பசி மாதம் என்றால் காலையில் வெயில் எரிக்கும். பகல் திரும்பியதும் மலைக்கு அந்தப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வரும். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் லயத்து வரிசையின் கடைசி வீட்டு டிவி ஏரியலில் மின்னல் இறங்கி, வயர் வழியே ஓடி, ஒரு வரிசை வீடுகளின் சுவரெல்லாம் கருகிப் போனது. ரேடியோவை நிறுத்தப் போன ஓர் அக்காவுக்கு அன்றிலிருந்து ஒரு காது கேட்பதில்லை. அதனால் இடி முழங்கினால் எங்கள் ஆட்கள் முதலில் செய்வது வீட்டிலுள்ள எல்லா பிளக்கையும் கழற்றுவது. கண்ணாடியைத் துண்டால் மூடுவது. பலாபத்வலக்காரிக்கு இது வேடிக்கை. "கண்ணாடிய பாத்து மின்னல் தல சீவவா வரப்போகுது?" என்பாள்.

அன்று நான் லீவு போட்டிருந்தேன். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டோம். சிக்னல் கிடைக்கிற ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டு, இன்டர்நெட் எடுக்கிற சின்ன டொங்கிளை அதன் வயரோடு ஜன்னல் கம்பியில் நூலால் கட்டித் தொங்கவிட்டோம். அவள் கத்தரிப்பூ நிறச் சேலை கட்டியிருந்தாள். பிளக் மேசைக்குக் கீழே இருந்தது. நான் கமெராவில் தெரியாதபடி தரையில் அந்தப் பிளக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஒன்றரைக்கு என்று சொல்லியிருந்தார்கள். இரண்டாகியது, இரண்டரை ஆகியது. காத்திருங்கள் என்றே திரை சொன்னது. மூன்று மணிக்கு வீட்டுக்குள் இருட்டியது. தூரத்தில் முதல் முழக்கம் கேட்டது. நான் எழுந்து டிவி பிளக்கைக் கழற்றினேன். பிரிஜ் பிளக்கைக் கழற்றினேன். லைட்டை நிறுத்தினேன். கண்ணாடியை மூடினேன். திரும்பி வந்து அவளைப் பார்த்தேன். அவள் மேசைப் பிளக்கைக் காட்டி, வேண்டாம் என்று விரலை ஆட்டினாள்.

அந்த நேரம்தான் கூப்பிட்டார்கள். இரண்டு பெண்களின் குரலும் ஓர் ஆணின் குரலும் கேட்டன. பெயர், ஊர், எத்தனை வருஷ வேலை. அவள் தடுமாறாமல் பதில் சொன்னாள். பிறகு அந்தப் பெண்களில் ஒருவர், தாய் விட்டுவிட்டுப் போனதும் அழுகையை நிறுத்தாத பிள்ளையை என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

நான் மேசைக்குக் கீழே இருந்து அவளுடைய பாதங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெருவிரல் தரையை அழுத்தியிருந்தது.

"மேடம், எங்ககிட்ட வர்ற அம்மாமாரு தலையில துண்டு கட்டிக்கிட்டுத்தான் மலைக்கு போவாங்க. ஒரு புள்ள எதுக்குமே அடங்கல. ஒருநாள் அவங்க அம்மா அந்த துண்ட மறந்து வச்சிட்டு போயிட்டாங்க. புள்ள அத மூஞ்சில வச்சிக்கிட்டு தூங்கிருச்சி. அம்மா மணம் அதுல இருக்கு மேடம். அதுக்கப்புறம் ஒவ்வொரு அம்மாகிட்டயும் ஒரு பழைய துண்டு கேட்டு வாங்கி, கழுவாம, புள்ளைங்க பேர் தச்சி வச்சிருக்கேன். கழுவுனா மணம் போயிரும். அதுனால கிழமைக்கு ஒருக்கா அம்மாகிட்டயே குடுத்து கட்டிட்டு வரச் சொல்வேன்."

இது எதுவும் எனக்குத் தெரியாது. ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், இந்தத் துண்டுக் கதையை அன்றுதான் கேட்டேன். அவளுடைய குரலும் நான் கேட்ட குரல் இல்லை. வீட்டில் பேசுவதைவிடத் தாழ்ந்து, நின்று நிதானமாக வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து, "ரொம்ப நல்லது. இதை நீங்களாகவே யோசித்தீர்களா? இன்னும் சொல்லுங்கள்" என்று கேட்டது.

"ஆமா மேடம், பொறகு..."

ஜன்னல் வெள்ளையாகியது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. தகரம் அதிர்ந்தது. நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

"ஐயோ, கரண்ட்!" என்று அவள் எழுந்தாள்.

பிளக் என் கைக்குள் சூடாக இருந்தது. "ஆமா, கரண்ட் போயிருச்சி" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் அவ்வளவு இயல்பாக வந்திருக்காது.

மழை கொட்டத் தொடங்கியது. அவள் போனை எடுத்துப் பார்த்தாள். மழை வந்தால் வீட்டுக்குள் போனுக்குச் சிக்னல் இருக்காது. குடையை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடப் பார்த்தாள். அங்கேதான் போன் பேசலாம். "மின்னல்ல போனோட போகாத" என்று கையைப் பிடித்து நிறுத்தினேன். வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் நின்றுகொண்டு, மழைக்கு மேலாக, "வந்துருச்சா பாருங்க, லைட்ட போட்டு பாருங்க" என்று கத்திக்கொண்டே இருந்தாள். நான் ஒவ்வொரு முறையும் உள்ளே போனேன். சுவிட்சுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே வந்து, "இன்னும் இல்ல" என்றேன். நாலு தடவையோ ஐந்து தடவையோ அப்படிச் செய்தேன். முதல் தடவை கை தானாகப் போனது என்று சொல்லலாம். இவற்றுக்கு அப்படிச் சொல்ல முடியாது. இடையில் எப்போது வேண்டுமானாலும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். திட்டிவிட்டு அவளே பிளக்கைச் செருகியிருப்பாள்.

முழக்கம் மலைக்கு அந்தப் பக்கம் போனபின்தான், பிளக்கைத் திரும்பச் செருகிவிட்டு, "வந்துருச்சி" என்றேன். லெப்டொப் எழுந்து, இன்டர்நெட் எழுந்து, அவள் உள்ளே போனபோது கூட்டம் முடிந்துவிட்டது என்று திரையில் இருந்தது. அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு சேலையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த நாள் போன் எடுத்துக் கேட்டாள். எடுத்த பெண் நல்லவிதமாகத்தான் பேசினார். நிறையப் பேருக்கு இப்படி நடந்திருக்கிறது, எல்லாருக்கும் திருப்பி வைக்க முடியாது, பேசிய வரைக்கும் புள்ளி போட்டிருப்பார்கள் என்றார். பட்டியல் வந்தபோது அவளுடைய பெயர் இல்லை. அடுத்த வருஷம் வயது தாண்டிவிட்டது.

அதற்குப் பிறகு அந்தக் கதை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததாகிவிட்டது. கடையில், கோயிலில், கலியாண வீட்டில் யாராவது கேட்டால், "எல்லாம் சரியாத்தான் போச்சி, கரண்ட் போயிருச்சி" என்பாள். "நம்ம கரண்ட நம்பி ஒரு கோழி முட்டைகூட அவிக்க ஏலாது" என்று அவர்கள் சொல்வார்கள். எல்லாருமாகச் சேர்ந்து மின்சார சபையை ஏசுவார்கள். நான் பக்கத்தில் நிற்பேன். ஒரு தடவை நானும் சேர்ந்து ஏசினேன்.

பிறகுதான் நான் லெப்டொப்பைத் திருத்தத் தொடங்கினேன். முதலில் பெட்டரி. கொழும்பிலிருந்து வரவழைத்துப் போட்டேன். முதல் இரண்டு நாள் கல் தரையில் தனியாக வைத்துப் பார்த்தேன். வெடிக்கவில்லை, இன்றுவரை வெடிக்கவில்லை. நாலு மணித்தியாலம் நிற்கிறது. பிறகு உள்ளே இருந்த பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புது வகை டிஸ்க் போட்டேன். பிறகு லேசாக ஓடுகிற சிஸ்டம். பிறகு தேய்ந்த எழுத்துக் கட்டைகள். மூடியின் கீல். கடைக்காரருக்கே பொறுக்கவில்லை. "மல்லி, இவ்வளவுக்கு வேற மெஷினே எடுத்திருக்கலாமே" என்றார்.

"இது நல்லா இருக்கணும்" என்றேன். வேறென்ன சொல்வது?

இப்போது பட்டனை அழுத்திவிட்டுத் திரும்புவதற்குள் திரை வந்துவிடுகிறது. ஆனால் அதை அழுத்த ஆளில்லை. மடுவத்துப் பட்டியல்களை அவள் கையாலேயே எழுதத் தொடங்கிவிட்டாள். ஒவ்வொரு முறை நான் ஏதாவது மாற்றிக் கொண்டுவரும்போதும், "இது இப்ப யாருக்குங்க?" என்பாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். துணியைச் சுற்றி அலுமாரிக்குள் வைத்துவிடுவாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மடுவத்துப் பெண் வந்தாள். முன்பு போனில் சிரித்தாளே, அவள்தான். அதே டிப்ளோமாவுக்கு அவளுக்கு நேர்முகத் தேர்வு வந்திருக்கிறது. அவளுக்கு இருபத்தாறு வயது.

"அக்கா, நாலு நாளைக்கு லெப்டொப் தருவீங்களா? போன்ல வேணாம்னு சொல்றாங்க."

என் மனைவி அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். துணியால் மூடியைத் துடைத்தும் கொடுத்தாள். "கொண்டு போ தங்கச்சி. பெட்டரி புதுசு. கரண்ட் போனாலும் பயமில்ல. எனக்குத்தான் அன்னிக்கு அப்படியாச்சி."

"ஆமாக்கா. நீங்க எங்கயோ போயிருக்க வேண்டியவங்க."

அந்தப் பெண் போனபின் அவள் சுளகில் அரிசியைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு வருஷத்துக்கு மேலாக மனதுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்ததுதான். அன்று அப்படியே வந்துவிட்டது.

"அன்னிக்கு கரண்ட் போகல."

"என்னைக்கு?"

"இன்டர்வியூ அன்னிக்கு. நான்தான் பிளக்க கழட்டுனேன்."

அவளுடைய விரல் அரிசிக்குள் நின்றது. என்னைப் பார்க்கவில்லை.

"இடி விழுந்துச்சே, அதுக்கு பயந்தா?"

"ஆமா."

"அதுக்கு மட்டுமா?"

ஆமா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பாள். பொய்யைப் பொய்யென்று சொல்ல வந்த இடத்தில் இன்னொன்றைப் போட எனக்கு வரவில்லை. "பெரும்பாலும் அதுக்குத்தான்" என்றேன்.

"மிச்சம்?"

"தெரியல. நீ அந்த துண்டுக் கதைய சொல்லிக்கிட்டு இருந்த. அந்த மேடம் இன்னும் சொல்லுங்கன்னு கேட்டாங்க. நீ நல்லா பேசிக்கிட்டு இருந்த."

"நல்லா பேசுனேனா?"

"ரொம்ப நல்லா பேசுன."

சுளகை மெதுவாகக் கீழே வைத்தாள். "இத யாருமே எனக்கு சொல்லல" என்றாள். "நான் ஏதோ ஒளறிட்டேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். கரண்ட் போகாட்டியும் கெடச்சிருக்காதுன்னு. வெளியில எல்லார்கிட்டயும் கரண்ட் கரண்ட்னு சொன்னேன். உள்ளுக்குள்ள நெனச்சது அதுதான்."

பிளக்கைப் பிடுங்கியதைத்தான் நான் என் குற்றம் என்று வைத்திருந்தேன். அவள் நன்றாகப் பேசினாள் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியும், அதையும் சேர்த்து மறைத்து வைத்திருந்தேன் என்பது அதுவரை எனக்குத் தோன்றவேயில்லை. கரண்ட் போனதாகச் சொன்னவன் அதைச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பயப்பட ஒன்றுமே இல்லை.

அவள் அழவில்லை, ஏசவுமில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அரிசியைக் கழுவி உலையில் போட்டாள். மத்தியானம் எல்லாருக்கும் சோறு போட்டாள். ஒரு கிழமைக்கு என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. அந்த நாளைப் பற்றி மட்டும் பேசவில்லை.

லெப்டொப்பைக் கொண்டுபோன நாலாம் நாள் பின்னேரம், எங்களுக்குள் இன்னும் பேச்சு வராத அந்தக் கிழமையில், அந்தப் பெண் லெப்டொப்பைத் திருப்பிக் கொண்டுவந்தாள். நான் வேலை விட்டு வந்து, படிக்குப் பக்கத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே என் மனைவியின் குரல் கேட்டது.

"என்னென்ன கேட்டாங்க? ஒன்னும் விடாம சொல்லு."

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சாப்பிட மறுக்கிற பிள்ளையைப் பற்றி. அடிக்கிற பிள்ளையைப் பற்றி. பேச்சு வராத பிள்ளையைப் பற்றி.

"நீ என்ன சொன்ன?"

"ஏதோ சொன்னேன்க்கா. நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க?"

என் மனைவி அந்தத் தாழ்ந்த குரலில், நின்று நிதானமாகச் சொல்லத் தொடங்கினாள். முதல் கேள்விக்குச் சொன்னாள். இரண்டாவது கேள்விக்குச் சொன்னாள். அந்தப் பெண் இடையில், "இருங்கக்கா, இத எழுதிக்கிறேன்" என்றாள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அவள் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி முடிக்கும் வரை வெளியிலேயே நின்றேன்.